கண் அசரவில்லை

நான் தூங்கவில்லை. இதைச் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது, இனிமேல் யாரிடமும் சொல்வதில்லை என்று நேற்றே முடிவு செய்தேன், ஆனால் வாயை மூடினாலும் உள்ளே அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, தொட்டி நிரம்பிய பிறகும் யாரும் நிறுத்தாத மோட்டார் மாதிரி. தூங்கவில்லை. இதோ இப்போதும் தூங்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் அருகம்புல் மண்டிய இந்தத் துண்டு இடத்தில், காலி பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, கையில் ஒரு கழியை வைத்துக்கொண்டு, பட்டாணியையும் சுண்டலையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவை புல் மேய்கின்றன. நான் அவற்றைப் பார்க்கிறேன். சமையலறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு என் மருமகள் ஹேமலதா உட்கார்ந்து என்னைப் பார்க்கிறாள். காவலுக்குக் காவல். கையில் செல்போன் இருக்கிறது, ஆனால் கண் அதில் இல்லை, என் இமையில் இருக்கிறது, எப்போது மூடும் என்று. ஐந்து மணிக்கு அவள் ஆபீஸ்காரர் ஒருவர் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு எடுத்துக்கொண்டு வருகிறாராம். இரண்டையும் கொண்டுபோய்விடுவாராம். அவர் வீடு அடுக்குமாடியில் நாலாவது மாடி, பால்கனி முழுக்கக் கம்பி வலையாம், ஒரு பயமும் இல்லையாம். மண்ணே இல்லாத இடத்தில் பயம் எங்கிருந்து வரும்? கடைசியாக ஒரு தடவை புல்லில் விடட்டுமா என்று நேற்று நானே வாய்விட்டுக் கேட்டேன். சரி மாமா, ஆனா நானும் உக்காருவேன் என்றாள். அந்த ஆனாவில் என் மானம் மொத்தமும் போயிற்று.

கினி பிக் என்று இவற்றுக்குப் பெயர். வாங்கி வந்த நாளில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. வாலில்லாத எலி, அதற்கு வெள்ளரிக்காய், அதற்குக் கொத்தமல்லித் தழை, அதற்கு ஒரு கூண்டு, கூண்டுக்குள் படுக்க ஒரு துணிப்பை. பக்கத்து வீட்டுக்காரர் மதில் வழியாக எட்டிப் பார்த்து, என்ன துலுக்காணம், பெருச்சாளி வளர்க்க ஆரம்பிச்சுட்டீங்களா, அடுத்து புள்ளையாரும் வந்துடுவாரா என்று கேட்டார். அவரோடு நான் பேசி எத்தனையோ மாதம் ஆகிறது. வீட்டில் ஒரு சத்தம் இருக்கட்டும் மாமா என்றுதான் ஹேமா அவற்றை வாங்கி வந்தாள். எந்தச் சத்தத்தைக் கேட்டு, கிடைக்காமல், இந்தச் சத்தத்தை வாங்கி வந்தாள் என்பது எனக்குத் தெரியும். பிரிட்ஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் போதும், இரண்டும் குய் குய் என்று வீட்டைத் தூக்கிவிடும். ஆனாலும் அது கூண்டுக்குள் இருக்கிற சத்தம். கேட்டால் பசி மாதிரி இருக்கும், சந்தோஷம் மாதிரி இருக்காது. இங்கே புல்லில் முதல் தடவை விட்டபோது இரண்டும் அப்படியே கல்லாகி உட்கார்ந்துவிட்டன. காற்று மேலே பட்டதே அவற்றுக்குப் புதிது. பாருங்க மாமா, பயப்படுதுங்க, உள்ள கொண்டாந்துடுங்க என்று ஹேமா பதறினாள். பொறும்மா என்றேன். கொஞ்ச நேரம் கழித்து சுண்டல் ஒரு புல்லைக் கடித்தது. கடித்து, மென்று, நின்ற இடத்திலேயே நாலு காலும் தரையை விட்டுக் கிளம்ப ஒரு துள்ளு துள்ளியது. வாணலியில் கடுகு வெடிக்கிற மாதிரி. அப்புறம் பட்டாணி. ஹேமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மார்கழியில் பட்டாணி குட்டி போட்டதும் அதற்குக் கடுகு என்று பெயர் வைத்தது அந்தத் துள்ளலை நினைத்துத்தான். ஒரே குட்டி. பிறக்கும்போதே கண் திறந்து, உடம்பெல்லாம் மயிரோடு, அன்றைக்கே ஓடியது. யாரைக் கண்டும் பயப்படாது. என் கால் கட்டைவிரலைக் கூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போகும். அந்தக் கடுகுதான் தை அமாவாசையன்று இதே புல்லில் காணாமல் போனது. நான் காவல் இருந்தபோது. தூங்கிட்டார் என்கிறார்கள்.

தூங்கினாராம். இந்த ஒரு சொல்லுக்கு என் மேல் என்ன ஆசையோ, ஆயுசு முழுக்க விடாமல் பின்னாலேயே வருகிறது. பாடியில் லாரிப் பட்டறையில் டிங்கரிங் வேலை பார்த்தேன், நசுங்கின தகரத்தைத் தட்டி நேராக்குகிற வேலை. வாட்ச்மேன் ஊருக்குப் போயிருந்த சமயம் ராத்திரிக் காவலும் நானே இருந்தேன், கேட்டை விட்டு நகராமல், பீடி கூடப் பிடிக்காமல். அப்போது பார்த்து இரண்டு லாரி பேட்டரி காணாமல் போயிற்று. முதலாளி பக்தவச்சலம் திட்டியிருந்தால் கூடப் பொறுத்திருப்பேன். எல்லாரையும் நிற்க வைத்துச் சிரித்தார். நம்ம துலுக்காணம் தூங்கினா மேல ரயில் ஏறினாலும் தெரியாது என்றார். பேட்டரியை எடுத்தது அவர் மச்சான் என்று பின்னால் ஊருக்கே தெரிந்தது. யாராவது ஒருத்தன் வந்து, அன்னிக்கு நீ தூங்கலப்பா என்று சொன்னானா? இன்றைக்கும் பாடி பக்கம் போனால் அந்தத் தெருவில் கால் வைக்காமல் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். பக்தவச்சலம் செத்ததற்குப் போகவில்லை, காரியத்துக்கும் போகவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது சுண்டல், மதில் நிழல் பக்கம். கழியைத் தரையில் தட்டினேன், திரும்பி வந்தது. பார்த்தாயா ஹேமா, நான் முழித்துக்கொண்டிருக்கிறேன். பார்த்தாள், ஆனால் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அவளைக் குறை சொல்லவும் முடியவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. அவள் கத்தவில்லை. கடுகு போன அன்றைக்கு எதுவும் சாப்பிடாமல் கிடந்து, மறுநாள் என் எதிரில் உட்கார்ந்து நிதானமாகத்தான் சொன்னாள். "நீங்க தூங்கிட்டீங்கன்னா அது தப்பே இல்ல மாமா. வயசாச்சு, கண்ணு அசரும். இனிமே நானும் கூட உக்காந்துக்கிறேன், வெளிய விடலாம். ஆனா முழிச்சிட்டுதான் இருந்தேன், எது தூக்கிச்சுன்னு தெரியலன்னு சொல்றீங்களே, அப்போ நான் எத நம்பி விடுவேன்? முழிச்சிருக்கறவங்க கண்ணுக்கே தெரியாம தூக்கிட்டுப் போற எடத்துல எப்படி விடறது? உள்ளயே போட்டு அடைக்கவும் மனசு வரல. யாருக்காவது குடுத்துடலாம்." பேச்சில் ஒரு ஓட்டை கூட இல்லை. என் மகன் ஞானவேல் ஷிப்ட் முடிந்து வந்தவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே, அப்பா, தூங்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிடுவீங்க என்றான். இவன் பேச்சைப் பார். பக்தவச்சலம் சொல்லி வைத்துவிட்டுப் போன மாதிரி.

அமாவாசையிலிருந்து இவை உள்ளேதான். மாடிப்படிக்குக் கீழே கூண்டு, கூண்டைச் சுற்றிக் கொசுவலை. சுண்டல் கம்பியைக் கடித்துக் கடித்து முன்பல்லில் துரு ஏறிவிட்டது. பட்டாணி மூலையில் முகத்தை வைத்துக்கொண்டு முதுகைத்தான் காட்டும். பிரிட்ஜைத் திறந்தால் கூடச் சத்தம் இல்லை. பத்திரமாகத்தான் இருக்கின்றன, அதில் குறை சொல்ல முடியாது. பத்திரம் பத்திரம் என்று இந்த வீட்டில் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது. என் மூத்த மகன் தணிகை ரயில் பாதையைத் தாண்டிப் போய் விளையாடியவன், ஏரியில் குதித்தவன், ஓடுகிற பஸ்ஸில் ஏறினவன், ஊரில் எந்த மரத்தையும் விட்டு வைக்காதவன். அவனுக்கு எங்கேயும் ஒன்றும் ஆகவில்லை. பதினேழு வயதில் காய்ச்சல் வந்து, வெளியே போகாதே, காற்று படக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தி, கம்பளி போர்த்தி, அவன் அம்மா பூங்காவனம் தலைமாட்டில், நான் கால்மாட்டில் உட்கார்ந்திருக்க, உள்ளே, கட்டிலில், எங்கள் நான்கு கண்ணுக்கு முன்னால்தான் போனான். எந்தக் காக்கா வந்து தூக்கிற்று? அன்றைக்கும் நான் தூங்கவில்லை. தூங்காமல் இருந்தால் தடுத்துவிடலாம் என்று ஹேமா நினைக்கிறாள். சின்னப் பெண். அவளிடம் இதை எப்படிச் சொல்வது. ஜன்னலைத் திற என்று அவன் ஒரு தடவை கேட்டான், பூங்காவனம் திறக்கவில்லை, டாக்டர் சொன்னதைத்தான் அவள் செய்தாள், அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஜன்னல் மேல் கோபம் இருக்கிறது. மேலே பார்க்க வேண்டும், மேலே. பருந்து ஏதும் இல்லை. பக்கத்து வீட்டு முருங்கையில் அணில். மதிலில் ஒன்றும் இல்லை, மத்தியானம் வைத்த சோறு காய்ந்து நாலு பருக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பூனை வந்தால் கழி இருக்கிறது. கீரி வந்தால் கழி இருக்கிறது. தணிகை பெயரை நான் வாயால் சொல்லி எவ்வளவோ காலமாகிறது. பூங்காவனம்தான் தினமும் சொல்வாள், உச்சிவேளையில், இந்த மதிலில் சோற்றை வைத்து.

அதைத்தான் சொல்ல முடியவில்லை. தை அமாவாசை. வடை, பாயசம், வாழைக்காய் பொரியல், எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வாழையிலைத் துண்டில் எடுத்து வந்து மதிலில் வைத்தாள். காக்காய் எடுக்காமல் யாரும் சாப்பிடக் கூடாது. ஆனால் அன்றைக்கு ஊரில் எந்த மதிலைப் பார்த்தாலும் சோறு, காக்காய்க்கு நம் வீட்டு ஞாபகம் வருமா? சமையலறை வாசலில் நின்று கா, கா என்று கூப்பிட்டாள். அப்புறம் வழக்கம்போலப் பெயரைச் சொல்லி, தணிகை, வாடா, ஆறிப்போவுது என்றாள். அவளுக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது, மதில் வரை மங்கலாகத்தான் தெரியும். ஹேமா குளித்துக்கொண்டிருந்தாள். வெயில் இதமாக இருக்கிறதே என்று மூன்றையும் நான் புல்லில் விட்டிருந்தேன். முருங்கையிலிருந்து ஒரு அண்டங்காக்கை மதிலுக்கு வந்தது, நான் பார்த்தேன். இலையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. கீழே சிந்தின பருக்கையைப் பொறுக்குகிற மாதிரி புல்லில் இறங்கியது. அப்போதே கழியை வீசியிருக்கலாம், ஆனால் அமாவாசையன்று, கூப்பிட்டு வந்த காக்காயை, அவள் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது எவன் கழியால் அடிப்பான்? கடுகு அதை நோக்கி ஓடியது. யார் புதிதாக வந்தாலும் முகர்ந்து பார்க்கிற பிள்ளை. மூக்கை நீட்டிக்கொண்டு போயிற்று. கழுத்தில் ஒரே கொத்து. நான் எழுந்து கழியை ஓங்குவதற்குள் அது மதில்மேல் இலை ஓரமாக நின்றது, காலுக்கடியில் கடுகு. வடை அப்படியே இருக்கிறது, பாயசம் வழிந்துகொண்டிருக்கிறது. ஊரெல்லாம் சோறு கிடக்கிற நாளில் உனக்கு இதுதான் வேண்டியிருந்ததா? ஓங்கிய கை ஓங்கியபடி இருக்க, பின்னாலிருந்து பூங்காவனம், "வந்துட்டான் பாருங்க. என்னா பசியோ, தலையத் தூக்காம சாப்பிடறான்" என்றாள். திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நிற்கிறாள். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. நான் கழியை இறக்கிவிட்டேன். காக்காய் கடுகைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. மதிலில் ஒரு துளி இருந்தது, இலையைச் சரி செய்கிற மாதிரி வேட்டி நுனியால் துடைத்தேன். மீதி இரண்டையும் கூண்டில் போட்டுவிட்டு அவள் பின்னாலேயே உள்ளே போய், இலை முன்னால் உட்கார்ந்து, அவள் போட்டதை எல்லாம் சாப்பிட்டேன். அவள் ரெண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள், எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம். பின்னால் ஹேமா ஈரத்தலையோடு கேரட் துண்டை எடுத்துவந்து கூப்பிட்டபோது இரண்டுதான் ஓடி வந்தன. எங்க மாமா கடுகு என்றாள். தெரியலம்மா என்றேன். காக்காய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் மேல் பழி இல்லை, ஆனால் பூங்காவனம் பக்கத்திலேயே நிற்கிறாள். அவளுடைய பிள்ளை வந்து என்ன சாப்பிட்டுவிட்டுப் போனான் என்று அவள் தெரிந்துகொள்ள வேண்டுமா? அந்தக் காக்காய் அவனாக இருக்காது. எனக்குத் தெரியும். அவனாக இருந்தால் கடுகோடு விளையாடியிருப்பான். ஆனால் அவளுக்கு அது அவன்தான், அதை எடுத்துவிட்டால் அவளிடம் மிச்சம் என்ன இருக்கிறது, நானா?

வண்டிச் சத்தம். கேட் திறக்கிறது. அதற்குள் ஐந்தாகிவிட்டதா? ஹேமா எழுந்து போய் அவரை வீட்டைச் சுற்றிப் பின்பக்கமே அழைத்து வருகிறாள். நல்ல பையன்தான், ஜோயல் என்று பெயர் சொன்னான், வணக்கம் அங்கிள் என்றான், பெட்டியில் ஓட்டைகளை வரிசையாக, ஒழுங்காகப் போட்டிருக்கிறான். பெட்டிக்குள் பழைய துண்டு மெத்தென்று விரித்திருக்கிறான். கோபப்படக் காரணம் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை, அதற்கும் கோபம் வந்தது. சத்தம் கேட்டு பூங்காவனமும் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பெட்டியைப் புல்லில் வைத்ததும் பட்டாணி அருகில் போய் அதன் ஓரத்தை முகர்ந்தது. குட்டிக்கு இருந்த குணம் அங்கிருந்துதான் வந்திருக்கிறது. சுண்டல் என் கால்பக்கம் ஓடி வந்து நின்றது. நின்று, இந்த நேரம் பார்த்து, நாலு காலும் கிளம்ப ஒரு துள்ளு. எதற்குத் துள்ளுகிறாய் மடையா, உன்னைப் பெட்டியில் போடப் போகிறார்கள். ஹேமா குனிந்து அதைத் தூக்கப் போனவள் தூக்கவில்லை. கை அதன் முதுகிலேயே இருக்கிறது. நிமிராமல் கேட்டாள். "மாமா, கடைசியா கேக்கறேன். நெசமாவே அன்னிக்கு முழிச்சிட்டா இருந்தீங்க?" கேட்கிற குரலிலேயே தெரிந்தது, அவள் என்னைப் பிடிக்கப் பார்க்கவில்லை. கெஞ்சுகிறாள். ஒரு வார்த்தை கொடுங்கள் மாமா, அதை வைத்து இவற்றை இங்கேயே வைத்துக்கொள்கிறேன் என்று. பக்தவச்சலம் சிரிக்கிறார். பட்டறை மொத்தமும் வரிசையாக நின்று சிரிக்கிறது. ஞானவேல் சட்டையைக் கழற்றுகிறான். கட்டில் காலில் சாய்ந்தபடி நான் முழித்துக்கொண்டிருக்கிறேன், முழித்துக்கொண்டே இருக்கிறேன், ஜன்னல் சாத்தியிருக்கிறது. என் வாழ்நாளில் நான் கண் அசந்த ஒரு காவல் கிடையாது. ஒன்று கூடக் கிடையாது. அது ஒன்றுதான் என்னுடையது என்று என்னிடம் இருக்கிறது.

"தூங்கிட்டேம்மா" என்றேன்.

ஹேமா அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். இத அன்னிக்கே சொல்லியிருந்தா என்ன மாமா என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது, சுண்டலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். துணி காயப்போடுகிற கம்பத்திலிருந்து மதில் வரை மேலே வலை கட்டிவிடலாம், சாயங்காலம் நானும் வந்து உட்கார்ந்துகொள்கிறேன், உங்களுக்குக் கண்ணைச் சொருகினால் என்னைக் கூப்பிடுங்கள் என்று மளமளவென்று திட்டம் போட்டாள். வலை கட்டட்டும். அது நல்ல யோசனைதான், நானே சொல்லியிருக்க வேண்டும். ஜோயல் காலிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கப்பாவும் இப்படித்தான் அங்கிள், டிவி பாத்துட்டே தூங்கிடுவார், வயசானா அப்படித்தான் என்றான். அவனுக்குக் காபி கொடுத்தார்கள். குடிக்கட்டும். பூங்காவனம் மட்டும் விடவில்லை. தூங்கல தூங்கலன்னு ஊரக் கூட்டி சத்தியம் பண்ணாத கொறதான், இப்ப எங்க போச்சு அந்த வீறாப்பு என்று சிரித்தாள். சிரி. நன்றாகச் சிரி. உனக்காக வாங்கிக் கட்டிக்கொண்ட பெயர், நீயே சிரி. ஹேமாவும் அந்தப் பையனும் கேட் பக்கம் போன பிறகு, சரி, தூங்குகிறவன் என்று பெயர் எடுத்தாகிவிட்டது, அதில் ஒரு காரியமாவது ஆகட்டும் என்று அவளைக் கூப்பிட்டேன். நாளையிலேருந்து காக்காய்ச் சோத்த இந்த மதில்ல வெக்காத, மொட்டை மாடியில வை, நான் இங்க உக்கார்ற எடத்துல அதுங்க வந்து கத்தினா எனக்குத் தூக்கம் கெடுது என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். தூக்கம் கெடுதாமே, மகாராஜாவுக்கு என்றாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. மாடிப்படி ஏற என் முட்டி விடுமா, அவன் இங்கதான் வந்து பழகியிருக்கான் என்றாள். நான் கொண்டுபோய் வைக்கிறேன் என்றேன்.

"வெச்சா மட்டும் வந்துடுவானா? கூப்பிடணும்."

கூப்பிடறேன் என்றேன்.

"பேரச் சொல்லிக் கூப்பிடணும். கா கான்னா வேற யாரையோ கூப்பிடறாங்கன்னு இருந்துடுவான்."

பட்டாணி என் காலடியில் புல்லை இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு முருங்கைக் கிளை ஆடிற்று. அண்டங்காக்கை ஒன்று வந்து உட்கார்ந்து தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் கீழே பார்த்தது. சொல்றேன் போ என்று அவளை உள்ளே அனுப்பிவிட்டு, கழியை மடியில் வைத்துக்கொண்டு, நானும் இமைக்காமல் அதையே பார்த்தேன்.